சித்திரக் கதையும் அதன் வழித்தோன்றல்களும்

ஆசிரியப் பணியில் 35 ஆண்டுகளைக் கழித்த ஒருவன் சித்திரக் கதைகளைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், பாடநூல்களைக் காட்டிலும் என் மாணவர்களை எழுதவும் வரையவும் தூண்டியவை அவையே என்பதை நான் மறைப்பதற்கில்லை.

1972ஆம் ஆண்டு ஜனவரியில் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கிற்று. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அப்போது நான் தஞ்சாவூரில் பன்னிரண்டு வயதுச் சிறுவன். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவனே கதைத் தலைவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். கை மட்டும் தெரியும். இது நம் நாட்டுச் சரக்கன்று. 1962இல் இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் இதழில் தோன்றியது. வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோவோ ஸ்பெயின் தேசத்தவர். கடல் கடந்து வந்த அந்தக் கை காவிரிக்கரைப் பிள்ளைகளை ஏன் இறுகப் பற்றிக்கொண்டது? சாகசம் ஒரு காரணம். மற்றொன்றை நான் அனுபவத்தில் கண்டேன். முகம் எழுத வராத பையனுக்கும் அந்தரத்தில் மிதக்கும் கையொன்றை எழுத வரும்! எங்கள் கணக்கு நோட்டுகளின் பின்பக்கமெல்லாம் கைகளே நிறைந்திருந்தன.

பெரியவர்களும் முன்னோர் வகுத்த தடத்திலேயே சென்றார்கள். 1984இல் ‘லயன் காமிக்ஸ்’, ‘ராணி காமிக்ஸ்’ இரண்டும் பிறந்தன. முன்னது மாடஸ்டியையும் பின்னது ஜேம்ஸ் பாண்டையும் முன்னிறுத்தித் தொடங்கின. இருவருமே ஆங்கிலச் செய்தித்தாள்களின் படத்தொடர்களில் உலவியவர்கள். ‘மாயாவி’ என்ற பெயருக்கும் அவ்வளவு கிராக்கி! வேதாளர் என்று நாம் அறிந்திருந்த முகமூடி வீரர், ‘ராணி’யில் மாயாவி எனப் பெயர் பூண்டார்.

நான் தலைமையாசிரியனான பின் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடமிருந்து, பாடவேளையில் படம் எழுதிய குற்றத்துக்காக, ஒரு நோட்டைப் பறித்தேன். முதற்பக்கத்தில் ‘இரும்புக்கால் வீரன்’ என்றிருந்தது. அதன் குறுக்கே சிவப்பு மையால் ‘காப்பி’ என்று எழ்தி அலமாரியில் பூட்டினேன்.

ஆண்டு முடிவில் அலமாரியை ஒழிக்கும்போதுதான் முழுவதும் படித்தேன். அவனுடைய வீரன் வெண்ணாற்றங்கரைக் குடியானவன். பம்புசெட்டு மின்கம்பியில் இரும்புக் காலை வைத்தால் மறைந்துபோவான். ஆனால் வயலுக்கு மின்சாரம் அப்போது முறை வைத்தல்லவா வந்தது? முறை முடிந்ததும் உருவம் வெளிப்பட்டுவிடும். ஆதலால் வீரச் செயல்களையெல்லாம் நள்ளிரவில் அவசர அவசரமாகச் செய்கிறான். பிறர் வயலுக்குத் தண்ணீர் போகாதபடி மதகை அடைப்பவனைப் பிடிக்க ஓடுகையில் மின்சாரம் நின்றுவிடுகிறது. அங்கே ‘தொடரும்’ என்று போட்டிருந்தான்.

இந்த இடர் இங்கிலாந்துக்காரருக்குத் தோன்றியிருக்குமா? மறையும் வித்தை இரவல். முறை மின்சாரம் அவனுடைய சொந்தச் சொத்து. நானோ முதற்பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதினேன்.

மறுநாளே அவனை அழைத்து, சிவப்பெழுத்தை அடித்துவிட்டு, நோட்டைக் கொடுத்து, “நான் செய்தது பிழை, தம்பி. மீதிக் கதையை எப்போது எழுதுவாய்?” என்று கேட்டேன்.

“மறந்துபோயிற்று, சார்” என்றான்.

அதன் பின் அவன் படம் எழுதி நான் பார்த்ததில்லை.