ஆர்க்காட்டு நவாபின் உருவப்படம்



பினாங்குக் கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் பிரான்சிஸ் லைட்டின் சிலையை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்காமையால், அவர்தம் மகன் வில்லியத்தின் முகச்சாயலைக் கொண்டே அதனை வார்த்தனர் என்பர். ஆட்சியாளர் உருவங்களைச் சான்றாகக் கொள்வதில் எத்துணைக் கவனம் வேண்டும் என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

சிலையில் முகமே இரவல். இன்று நான் எடுத்துக்கொண்ட எண்ணெய் வண்ணப் படங்களிலோ முகம் உரியவருடையதே. அவர் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா. 1749 முதல் 1795 வரை தமிழகத்தின் பெரும்பகுதிக்கு நவாபாக விளங்கியவர். 1769இல் சென்னைக்கு வந்த டில்லி கெட்டில் என்னும் ஆங்கிலேய ஓவியர் அவரைத் தீட்டினார். 1774இல் வந்த ஸ்காட்லாந்து ஓவியர் ஜார்ஜ் வில்லிசனும் தீட்டினார்.

வெண்மசுலின் அங்கி, முத்துமாலைகள், உடைவாள். முகலாயச் சிற்றோவியங்களில் அரசர் பெரும்பாலும் பக்கவாட்டு முகத்துடனேயே காணப்படுவார். இங்கே நவாப், ஐரோப்பிய மன்னர்கள் தம்மைத் தீட்டுவித்துக்கொண்ட முறையில் நிமிர்ந்து நிற்கின்றார். இது தற்செயலென நான் கருதவில்லை. அவர்தம் படங்கள் சில இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. நம் புலவர்கள் கிளியையும் மேகத்தையும் தூது விடுத்தனர். நவாப் தம் படத்தையே தூது விடுத்தார். இங்கிலாந்து மன்னருக்கு நிகரானவன் யான் என்பதே அத்தூதின் செய்தி.

ஆயின் அவருடைய அரியணை கடனில் நின்றது. கம்பெனியின் ஊழியர்களே தனிப்பட்ட முறையில் அவருக்கு மிகு வட்டிக்குக் கடன் கொடுத்தனர். ஈடாக ஊர்களின் நிலவரி வருவாயை எழுதி வாங்கினர். 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சையை அவர் கைப்பற்றியதும் கடன்காரர்க்கு ஆதாயமாயிற்று. 1776இல் தஞ்சை மீண்டும் துளஜாஜி மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அவ்வூர்களின் விளைச்சல் மீது தமக்கு உரிமை உண்டெனக் கடன்காரர் சென்னையில் வழக்காடினர். விளைவித்த உழவரை எவரும் கேட்டிலர். எட்மண்டு பர்க் 1785இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இக்கடன்களைக் கடுமையாகச் சாடி உரையாற்றினார். அவ்வுரையை அருகில் வைத்துக்கொண்டே இப்படத்தை மாணவர்க்குக் காட்டுதல் நன்று. முத்துமாலைக்குப் பின்னே வரி கட்டியவர்களும் அப்போதுதான் தெரிவர்.

நவாப் மறைந்து ஆறாண்டுகளில், 1801இல், கம்பெனியே ஆட்சியை ஏற்றுக்கொண்டது. கடன்களை விசாரிக்க 1805இல் ஓர் ஆணையம் அமைக்கப்பெற்றது. அதன் பணி பல்லாண்டுகள் நீண்டது.