ஆணையும் சூளும்



'அம்மாவாணை', 'பிள்ளையாராணை' என்னுஞ் சொற்கள் நம் வீதிகளில் நாடோறுங் கேட்பன. மாம்பழம் விலைபேசுமிடத்தும் அவை வந்துவிடுகின்றன. ஆயின் ஆணை இருவகைப்படும் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. ஒருவன் தன்னைத் தானே சொல்லாற் கட்டிக்கொள்வது ஒன்று. அதனைப் பழந்தமிழர் சூள் என்றனர். பிறனொருவனை, அவன் பெரிதெனப் போற்றும் ஒன்றின் பெயராற் கட்டுவது மற்றொன்று. 'என்மேல் ஆணை, போகாதே' என்பது வேண்டுகோளுமாம், விலங்குமாம்.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுமிடம் பெரியபுராணத்துத் திருநீலகண்ட நாயனார் வரலாறு. தில்லைக் குயவராகிய அவர் பரத்தையொருத்திபாற் சென்று மீண்டார். மனைவியார் மனைப்பணி யாவுஞ் செய்தார். கூடுதற்கு மட்டும் இசைந்திலர். கணவர் இரந்து நெருங்கியபோது, அவர் உயிரினும் மேலாகப் போற்றிய திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தடுத்தார். அம்மையார் தம்மைப் பன்மையாற் சுட்டியிருந்தார். அதுகொண்டு, எப்பெண்ணையும் மனத்தாலுந் தீண்டேன் என நாயனார் அவ்வாணையை விரித்துக்கொண்டார். நாமாயின் சொல்லிலே சந்து தேடியிருப்போம்!

அயலார் அறியாவண்ணம் ஒரே மனையில் இருவரும் முதுமையெய்தினர். பின்னர்ச் சிவயோகியார் ஒருவர் வைத்துச்சென்ற திருவோடு காணாமற்போயிற்று. மனைவியின் கைபற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியஞ் செய்க என்றார் அவர். தில்லைவாழந்தணரும் அவ்வாறே தீர்ப்பளித்தனர். கைபற்றின் பழைய ஆணை கெடும்; பற்றாவிடின் கள்வனெனப் பெயர் வரும். மூங்கிற்கோலொன்றின் இருதலையையும் இருவரும் பற்றி நின்றனர். யோகியார் ஒப்பவில்லை. அதன்மேல் நாயனார், அத்தனை ஆண்டு மறைத்த செய்தியை ஊரார் கேட்கத் தாமே எடுத்துரைத்து மூழ்கினார். இருவரும் இளமை பெற்றெழுந்தனர் என்கிறது புராணம். பெற்ற இளமையினும் அவர் ஏற்ற நாணமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

'எதிரி இன்ன கோவிலிற் சத்தியஞ் செய்தால் வழக்கை விடுவேன்' என்று ஒருவர் உடன்படுவதற்கு இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சத்தியக் கட்டளைச் சட்டமும் இடந்தந்தது. அங்கும், அவ்வாறு உடன்படுபவர் தம்மையே பிணைத்துக்கொள்கிறார்.

பாடசாலையிலோ பென்சில் ஒன்று காணாமற்போனால், 'அம்மாவாணையாய்ச் சொல்' என்று பிள்ளையைக் கேட்டுவிடுகிறோம். உண்மை கூறும் பிள்ளையே, தாய்க்கு ஏதேனும் நேருமோ என்று நடுங்குகின்றது. பொய்யிற் பழகியவன் தயங்காது ஆணையிடுகின்றான். ஆதலின் என் பாடசாலை ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொண்டது இது: 'எடுத்தாயா?' என்று மட்டுங் கேளுங்கள். விடைக்குச் சிறிது பொறுத்திருங்கள்.