தகுதி விதிகளைத் தளர்த்துக! உதவியை உரிமையாக்குக!

(கட்சி ஊழியர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



வேலையின்மை, முதுமை, நோய், உடல் இயலாமை ஆகிய நிலைகளில் குடிமக்கள் பொது உதவி பெறுவதை உறுதிசெய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. அந்த வழிகாட்டலின் பெயரில்தான் 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் அத்திட்டத்தின் வாயிலில் நிற்கும் ஏழையிடம், அவருடைய தேவை என்ன என்று கேட்கப்படுவதில்லை. எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்றே கேட்கப்படுகிறது.

விதிகளைப் பாருங்கள். கணவரை இழந்த பெண் ஓய்வூதியம் பெற 40 வயது நிறைந்திருக்க வேண்டும். 30 வயதில் குழந்தைகளுடன் தனித்து விடப்பட்ட விவசாயத் தொழிலாளிப் பெண் இன்னும் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் குறைபாடு 80 சதவீதம் இருந்தாக வேண்டும். 2016இல் நாடாளுமன்றம் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 40 சதவீதத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. சட்டம் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளியைத் திட்டம் ஏற்க மறுக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

அந்தக் கோடு எப்படிப் போடப்பட்டது? 2002 கணக்கெடுப்பில் ஊரகக் குடும்பங்களுக்கு 13 இனங்களில் மதிப்பெண் இடப்பட்டது. ஆளுக்கு எத்தனை உடுப்புகள் என்பதும் அவற்றில் ஒன்று. இரண்டுக்கும் குறைவென்றால் பூஜ்யம்; நான்கு இருந்தாலே இரண்டு மதிப்பெண். மாற்றுத்துணி வைத்திருப்பதே வறுமை குறைந்ததற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

பட்டியலில் பெயர் இருந்தாலும் உதவி உறுதியில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் எத்தனை பேருக்கு ஒன்றிய அரசு பணம் தரும் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. அது 2001 மக்கள்தொகையையும் 2004-05 வறுமை விகிதத்தையும் கொண்டு கணக்கிடப்பட்டது. எண்ணிக்கை நிரம்பிவிட்டால், தகுதியுள்ள முதியவரும் காத்திருக்க வேண்டியதுதான். இன்னொரு முதியவர் இறந்தால்தான் இடம் காலியாகும். ஓர் ஏழையின் சாவை மற்றோர் ஏழை எதிர்பார்த்திருக்கச் செய்யும் ஏற்பாட்டை நலத்திட்டம் என்று சொல்ல முடியுமா?

இத்தனை தடைகளையும் தாண்டி வருபவருக்குக் கிடைப்பது என்ன? 60 முதல் 79 வயது வரையுள்ள முதியவருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. இத்தொகை 2006இல் நிர்ணயிக்கப்பட்டது. இதை உயர்த்தக் கோரி ழான் திரேஸ் உள்ளிட்ட 60 பொருளாதார அறிஞர்கள் 2017 டிசம்பரில் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினர். தொகை இன்றும் மாறவில்லை.

பணம் இல்லை என்பது ஆட்சியாளர்களின் வழக்கமான பதில். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் இத்திட்டம் முழுமைக்கும் ஒதுக்கப்பட்டது 9,652 கோடி ரூபாய். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியைக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று அரசே அறிவித்தது. அது இந்த ஒதுக்கீட்டைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு. அந்தச் சலுகையைப் பெற எந்த முதலாளியும் உடுப்புகளை எண்ணிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

வேறு வழி உண்டு என்பதைக் கேரளம் காட்டியது. 1980இல் நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு விவசாயத் தொழிலாளர்களுக்கு மாதம் 45 ரூபாய் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. பின்னர் அங்கு சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு விரிந்தது. 2025 நவம்பர் முதல் தொகை 2,000 ரூபாயாக உயர்ந்தது. அவர்களில் சிறு பகுதியினருக்கே ஒன்றிய அரசின் பங்கு கிடைக்கிறது. அங்கும் வருமான வரம்பு உண்டு. ஆனால் ஒன்றிய அரசின் எண்ணிக்கை வரம்போடு உதவி நின்றுவிடவில்லை.

விதிகளைத் தளர்த்தினால் தகுதியற்றவர்களும் பெறுவார்கள் என்ற வாதம் எழும். வசதியுள்ள ஒருவர் 200 ரூபாய் பெறுவதால் அரசுக்குச் சிறு இழப்பு. பசித்திருக்கும் ஒருவர் விடுபட்டால் அவருக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி. இவ்விரு பிழைகளையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஆகவே முறையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். வருமான வரி செலுத்துவோர், வேறு ஓய்வூதியம் பெறுவோர் ஆகியோரை விலக்கிவிட்டு, மற்ற அனைவரையும் சேர்க்க வேண்டும். எண்ணிக்கை வரம்பு ஒழிய வேண்டும். கணவரை இழந்த பெண்களுக்கான 40 வயது நிபந்தனை நீங்க வேண்டும். குறைபாட்டின் அளவு 40 சதவீதமாகக் குறைய வேண்டும். தொகை விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும்.

கோரிக்கைகள் தீர்மானத் தாளில் தங்கிவிடக் கூடாது. விண்ணப்பித்து மறுக்கப்பட்டோர், விரல்ரேகை பதியாததால் பணம் கிடைக்காதோர், உயிரோடிருந்தும் இறந்தவராகப் பதியப்பட்டோர் ஆகியோரை ஒவ்வொரு கிளையும் வீடு வீடாகச் சென்று கண்டறிய வேண்டும். அரசு தயாரித்த பட்டியலில் இல்லாத அந்தப் பெயர்களோடு, அந்த மக்களையே முன்னிறுத்தி, வட்டார அலுவலகங்களின் வாயிலில் போராட்டம் தொடங்கட்டும்.