ஊராட்சித் தலைவர் நாற்காலி



மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு வீதி உண்டு. அங்கே எந்தத் திசையில் நோக்கினாலும் ஏரி தென்படாது. மாம்பலம் ஒரு கிராமமாக இருந்த காலத்தில் நீர் ததும்பி நின்ற அந்த நெடிய ஏரி, 1920-களில் தியாகராய நகரம் எழும்பொருட்டுத் தூர்க்கப்பட்டுவிட்டது. கிராமமும் நகரத்தோடு கலந்துவிட்டது. ஆயினும் இங்கே குடியிருப்போரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், அவர்களுள் பலர் தஞ்சாவூர் ஜில்லாவிலோ திருநெல்வேலி ஜில்லாவிலோ உள்ள ஒரு கிராமத்தின் பெயரைத்தான் வாஞ்சையோடு சொல்வார்கள். அந்தக் கிராமத்தின் ஊராட்சித் தலைவர் யார், அவர் தம் கடமையைச் செய்ய ஊரார் விடுகிறார்களா என்று மேற்கொண்டு கேட்டால்தான் பதில் வருவதில்லை.

கிராம சுயாட்சி என்றவுடன் உத்தரமேரூரை நினைப்பது நமக்கு வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், அவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடு அங்குள்ள கோயில் சுவரில் இன்றும் கல்லெழுத்தாக நிற்கிறது. ஊர்க் காரியங்களைக் கவனிக்கும் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர, ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது தொகுதிகளாக, பகுத்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் தீட்டிக் குடத்திலிட்டு, சபையோர் அனைவரும் காணும்படி அக்குடத்தை ஏந்திக் காட்டி, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பிக்க வேண்டும்; அதைப் பெற்றுக்கொள்ளும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்க வாசிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் விதித்திருக்கிறார்கள். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது என்பதில் அத்தனை கவனம்! வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர் என்ற விதியை இன்று படித்தாலும் மெய்சிலிர்க்கிறது. ஆனால் பொதுவாகக் கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் உடையவர்களின் பெயர்களே அக்குடத்தினுள் இடம்பெற்றன. அந்நிலத்தில் ஏர் பிடித்தவனுக்கும், நாற்று நட்ட பெண்ணுக்கும், சேரியில் வாழ்ந்தவனுக்கும் அதில் ஓலை இல்லை. கல்வெட்டின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசுவதே நியாயம் என்று நான் கருதுகிறேன்.

கிராம ஆட்சியில் யாருக்கு இடம் என்ற இந்த விவகாரமே அரசியல் நிர்ணய சபையில் வேறு உருவில் எழுந்தது. 1948 நவம்பர் 4-ஆம் தேதி நகல் சாசனத்தை முன்வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், கிராமத்தைக் குறுகிய பற்றுக்கும் அறியாமைக்கும் வகுப்புவாதத்துக்கும் உறைவிடம் என்று கண்டித்தார்; காந்தியடிகளின் வழியில் நின்ற பலர் மனம் வருந்தினர். அதே மாதம் 22-ஆம் தேதி, கிராமப் பஞ்சாயத்துக்களை அமைக்க ராஜ்யம் முயல வேண்டும் என்ற திருத்தத்தை நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவர, அம்பேத்கரும் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே நாற்பதாவது ஷரத்து ஆயிற்று. எனினும் அதற்கு வலுவான உருவம் கிடைக்க, 1993-இல் 73-ஆவது திருத்தம் அமலுக்கு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதை ஒட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஆதிதிராவிடருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டன. உத்தரமேரூர்க் குடத்தில் இல்லாத ஓலைகள் ஆயிரம் ஆண்டு கழித்து உள்ளே வந்தன.

வந்தவுடன் நடந்தது என்ன? 1996-இல் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதை ஆதிக்க சாதியார் ஏற்க மறுத்தமையால் ஒரு சமயம் வேட்புமனுவே தாக்கலாகவில்லை. மற்றொரு சமயம் வென்றவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். பத்து ஆண்டுகள் இப்படியே கழிந்தன. இதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியிலோ, அச்சுறுத்தலை மீறிப் போட்டியிட்டுத் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30-ஆம் தேதி பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது வழிமறித்துக் கொல்லப்பட்டார். அவரோடு மேலும் ஐவர் மாண்டனர். ஓர் ஊரின் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பேற்க முன்வந்ததற்காக மனிதர் உயிரிழந்தார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

2006 அக்டோபரில் நிலைமை மாறிற்று. மதுரை மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த உதயசந்திரன் ஊர் ஊராகச் சென்று மக்களோடு அமர்ந்து பேசினார். இயக்கங்களும் கட்சிகளும் துணை நின்றன. தேர்தல் நடைபெற்று, வென்றவர்கள் பதவியில் நிலைத்தார்கள். அதே பாப்பாபட்டியில் 2021 காந்தி ஜயந்தியன்று கூடிய கிராம சபையில் முதலமைச்சரே வந்து கலந்துகொண்டார். சட்டத்தோடு மனிதரின் பொறுமையும் சேரும்போதுதான் இத்தகைய காரியங்கள் கைகூடுகின்றன.

ஆயினும் பதவி கிடைப்பது வேறு, அமர்வது வேறு. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஆதிதிராவிடப் பெண்மணியான தலைவர், மற்றவர்கள் நாற்காலியில் வீற்றிருக்கத் தாம் மட்டும் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை 2020-இல் நாடே கண்டது. அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று, நம் சென்னைக்கு அருகிலேயே திருவள்ளூர் மாவட்டத்து ஆத்துப்பாக்கத்தில், தலைவரான மற்றொரு பெண்மணி தேசியக் கொடியை ஏற்றவொட்டாமல் தடுக்கப்பட்டார். சில தினங்களுக்குப் பின் மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று அவரையே கொடியேற்றச் செய்தார்.

நாற்காலியே காலியாகக் கிடப்பதும் உண்டு. அதை நகரவாசிகளும் அனுபவித்திருக்கிறோம். 1973 முதல் 1996 வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. மாம்பலத்தில் சாக்கடை அடைத்தால் முறையிட ஒரு கவுன்சிலர் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. கிராமங்களிலோ 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுக்கு மேல், தேர்தல் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர்களே ஆண்டார்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்களே வந்தார்கள். பத்தாண்டு போராடி ஒரு பாப்பாபட்டிக்காரர் பெற்ற ஆசனத்தை, தேர்தலைத் தள்ளிவைக்கும் ஓர் உத்தரவு ஒரே நாளில் பறித்துவிடுகிறது. சட்டசபைத் தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனால் நாம் எப்படிக் கொதிப்போமோ, அப்படியே நம் சொந்த ஊரின் ஊராட்சித் தேர்தலுக்காகவும் உரத்துக் கேட்க வேண்டும்.