அம்மாவையும் கேளுங்கள்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



எங்கள் அம்மா 38 வருடம் கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்கு மலையேறினார். முதுகுவலி எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. தைலம் பூசுவோம், டிஸ்பென்சரியில் குளிசை வாங்குவோம், மறுநாள் வேலைக்குப் போவோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

63 வயதில் அம்மாவுக்கு வலி காலுக்கு இறங்கியது. லயத்திலிருந்து கோவிலுக்குப் போவதற்குள் மூன்று தடவை உட்காருவார். முன்னால் குனிந்தால் குறையும், நிமிர்ந்து நடந்தால் திரும்ப வரும். பிறகு வலது பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழத் தொடங்கியது. கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முள்ளந்தண்டில் நரம்பு போகும் வழி ஒடுங்கியிருக்கிறது, ஓர் எலும்பும் நகர்ந்திருக்கிறது, சத்திரசிகிச்சை செய்து ஆணி வைத்துப் பொருத்தலாம் என்று டொக்டர் சொன்னார்.

அன்றிரவு பிள்ளைகள் எல்லோரும் கூடினோம். “முதுகில கத்தி வச்சா படுத்த படுக்கைதான்” என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பெரியண்ணன் வேண்டாம் என்றார். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி செய்யத்தான் வேண்டும் என்றான். மாமாவைக் கேட்டோம், பூசாரியைக் கேட்டோம். அம்மாவை மட்டும் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து அவரே சொன்னார்: “காலு என்னோடது. நடக்கப்போறதும் நான்தான். என்னையும் கொஞ்சம் கேளுங்க.”

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த கிளினிக்கில் அம்மாவே டொக்டரிடம் கேட்டார். செய்தால் என்ன கிடைக்கும்? கால்வலி குறைய நல்ல வாய்ப்பு உண்டு, முதுகுவலி முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது. செய்யாவிட்டால்? பாதம் இன்னும் பலவீனமாகலாம். ஆபத்து? கிருமி தொற்றலாம், இரத்தம் கட்டலாம், நரம்பு காயப்படலாம். சீனி வருத்தத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், எலும்பு ஒட்டுவதற்குப் புகையிலையை விட வேண்டும். கடைசியாக அம்மா கேட்டார்: “கூடை தூக்கலாமா ஐயா?” இனி வேண்டாம் என்றார் டொக்டர். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கத்தியை விட அதுதான் அவருக்குப் பெரிய வலி. பிறகு, “நடந்தா போதும், செய்வோம்” என்றார். வெற்றிலையில் புகையிலை வைப்பதையும் அன்றோடு விட்டார்.

அரசாங்க வைத்தியசாலை என்பதால் சத்திரசிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை. வான் கூலிக்கும் துணைக்கு நின்றவர்கள் இழந்த பேருக்கும்தான் செலவு. மறுநாளே தாதிமார் அம்மாவை எழுப்பி நடக்க வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். மூன்று மாதம் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, இடுப்பைத் திருப்பக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். லயத்து வாழ்க்கையில் இது மூன்றும் இல்லாத வேலை எது? தண்ணீர்க் குடம், விறகு, அடுப்பு, குந்தும் மலசலகூடம் எல்லாம் அதுதான். பாயை விட்டுக் கட்டில் போட்டோம். நாற்காலியில் ஓட்டை வெட்டி மலசலகூடத்தில் வைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா தினமும் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். “உங்களுக்குப் பாரமாயிட்டேனே” என்று அம்மா அழுத நாட்களும் உண்டு. முதலில் இஸ்தோப்பில் நடந்தார், பிறகு லயத்தின் கோடி வரை. நாலாம் மாதம் ஓரிடத்திலும் உட்காராமல் கோவிலுக்குப் போனார்.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. பனிக்காலத்தில் முதுகு வலிக்கிறது. கைக்காசு வருமானம் நின்றுவிட்டது. கால்வலி இல்லை.

எல்லா முதுகுவலிக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. ஆனால் கால் பலமிழந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். மலசலம் கட்டுப்படாமல் போனால், சலம் அடைத்துக்கொண்டால், தொடையின் உட்பக்கம் மரத்துப்போனால் அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாள் பேரைப் பார்க்காதீர்கள்.

மாதர் பிரிவிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். இப்படி ஒருவர் வீடு திரும்பினால், தண்ணீருக்கும் விறகுக்கும் முறை போட்டு உதவுங்கள். முடிவை அம்மாமார்களே எடுக்கட்டும். பாரத்தை நாம் தூக்குவோம்.