கணக்கில் இருந்த பெண், கணக்குப் போடாத பெண்

(கொல்லிமலை எடப்புளி நாட்டில் மாணவிகளிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கணிதத்தில் பெண்கள் என்று பேச்செடுத்தாலே நம் நாட்டில் முதலில் வரும் பெயர் லீலாவதி. 1150 வாக்கில் பாஸ்கரர் எழுதிய கணித நூலின் பெயர் அது. அவள் அவருடைய மகள், சாதகக் கோளாறால் கல்யாணம் நின்றுபோனது, ஆறுதலாகத்தான் அப்பா நூலுக்கு அவள் பெயரை வைத்தார் என்று கதை சொல்வார்கள். இந்தக் கதை வருவது, 1587இல் ஃபைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பில். நூலில் “இளம்பெண்ணே”, “மான்விழியாளே” என்று கூப்பிட்டுக் கணக்குக் கேட்கிறார்கள். அவள் போட்ட கணக்கு ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

அதே நூலில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். அவளைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. தலைகீழ் விகிதம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் வருகிறாள். 16 வயதுப் பெண்ணின் விலை 32 நிஷ்கம் என்றால் 20 வயதுப் பெண்ணின் விலை என்ன? வயது ஏற ஏற விலை இறங்கும். 16ஐ 32ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 25 நிஷ்கமும் ஐந்தில் மூன்றும். அடுத்த கேள்வி, உழுது களைத்த எருதின் விலை. விடை சரிதான். ஆனால் விற்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு நூலில் பெயர் கிடையாது. மான்விழியாள் கணக்குக் கேட்கலாம், இவள் கணக்கிலே சரக்கு. ‘பெண்கள்’ என்று ஒரே சொல்லில் இந்த இரண்டு பேரையும் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டிலும் இதுதான். ஜெர்மனியில் எம்மி நோதர், பெண் என்பதால் 1919 வரை ஹில்பர்ட் பெயரில்தான் பாடம் நடத்த முடிந்தது. 1933இல் யூதர் என்று வேலையை விட்டே நீக்கினார்கள். அமெரிக்காவில் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் கறுப்பினப் பெண்கள் விமானங்களுக்குக் கணக்குப் போட்டார்கள், சாப்பிட மட்டும் தனி மேசை. அந்த மேசையில் வைத்திருந்த பலகையை மிரியம் மான் எடுத்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். நம் ஊர் டீக்கடைத் தனிக்குவளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

2010இல் ஹைதராபாத்தில் உலகக் கணித மாநாடு நடந்தது. தமிழ்நாட்டில் பிறந்த ஆர். பரிமளா அங்கே முழு அவைக்கும் உரை நிகழ்த்தினார். பெருமைப்பட வேண்டிய விஷயம். லீலாவதி பெயரில் ஒரு விருதும் அங்கேதான் தொடங்கியது. முதல் விருது ஓர் ஆணுக்குப் போனது, அது கிடக்கட்டும். அப்படிப்பட்ட அவைக்கு இந்த மலையிலிருந்து ஒரு பெண் போக வேண்டுமென்றால், பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் இடத்தில் ஆள் இருக்க வேண்டும், பஸ் நேரத்துக்கு வர வேண்டும், விடுதியில் இரவு படிக்க விளக்கு எரிய வேண்டும். பெண்களுக்குக் கணக்கு வராது என்று சொல்பவர்கள் இந்தப் பட்டியலைத் தொடுவதே இல்லை. சாவித்திரிபாய் 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தப் போனபோது சாணியும் கல்லும் எறிந்தார்கள். எழுத்தும் எண்ணும் யார் கைக்குப் போகிறது என்பது எறிந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

உங்கள் அம்மா மிளகு விற்கும்போது தராசு யார் கையில் இருக்கிறது? மூட்டைக்கு 2 கிலோ ‘கழிவு’ என்று வியாபாரி பிடித்தால், 50 கிலோ மூட்டையில் நூற்றுக்கு 4 போகிறது. பத்து மூட்டைக்கு 20 கிலோ. அன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். அடுத்த ஞாயிறு வரும்போது வீட்டிலிருக்கும் விற்பனைச் சீட்டுகளை எடுத்து வாருங்கள், உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.