ஒருவர்க்குப் பழி, மற்றொருவர்க்குப் புகழ்
(கொல்லிமலைச் செம்மேட்டில் ஆற்றப்பெற்ற உரை)



இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் சிலை இச்செம்மேட்டில் நிற்கின்றது. அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு ஈந்தவன் மலையமான் திருமுடிக்காரி. வென்ற காரி ஓரியின் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த பேராரவாரத்தை நற்றிணையில் உவமையாக்கியவர் கபிலர். அதே கபிலர்தாம் அதே காரியைத் தேர் வழங்கும் வள்ளலெனப் புறநானூற்றில் போற்றினார். கொல்லியில் கொலைஞன், கோவலூரில் கொடையாளன். ஆள் ஒருவனே, பார்ப்பவர் நிற்கும் ஊர்தான் வேறு. கடையெழு வள்ளல்களுள் ஓரியும் ஒருவன், காரியும் ஒருவன் என்றால் வேறென் சொல்வது!

பெரும்பழி சுமந்த ஒருவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் எங்ஙனம் தோலாது நிற்கின்றார் என்று பலரும் வியக்கின்றனர். 2019 நவம்பரில் இலங்கையில் நடந்த தேர்தலை இக்காரியின் கதையோடு வைத்துப் பார்த்தால் அவ்வியப்பு அடங்கும்.

கோத்தபய இராசபக்ச 2005 முதல் 2015 வரை பாதுகாப்புத் துறைச் செயலாளராக இருந்தவர். 2009-இல் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என ஒன்றிய நாடுகளின் வல்லுநர் குழு 2011-இல் கூறிற்று. அவர்தம் இலங்கைக் குடியுரிமையை எதிர்த்த வழக்கும் இருந்தது. தேர்தலுக்கு முன்மாதம் அது தள்ளப்பட்டது. இத்தனைக்கும் பின் அவர் பெற்றவை 69 இலக்கத்துக்கும் மேற்பட்ட வாக்குகள், நூற்றுக்கு 52.25. எதிர்நின்ற சசித் பிரேமதாசா பெற்றது 41.99.

யாழ்ப்பாண மாவட்டத்தில் கோத்தபய பெற்றது நூற்றுக்கு 6 அளவே. அம்பாந்தோட்டையிலோ 66. வடக்கே எந்தப் போர் பழியாக நின்றதோ, தெற்கே அதே போர் மாலையாக விழுந்தது. குற்றச்சாட்டை உரக்கச் சொல்லச் சொல்லத் தெற்கில் அவர் வளர்ந்தாரேயன்றித் தேயவில்லை. 1978-ஆம் ஆண்டு அரசமைப்பின்படி தீவு முழுதும் ஒரே தொகுதி. பாதிக்குமேல் ஒரு வாக்கு போதும். சிங்களவரோ மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்கினர். ஆகவே தமிழர் ஒருவர்தம் வாக்குமின்றி வெல்லக் கணக்கு இடந்தருகின்றது.

ஆயினும் கணக்கு மட்டுமே வெற்றி தந்துவிடாது. 2015-இல் சிங்கள வாக்குப் பிளவுண்டு, தமிழரும் முசுலிம்களும் ஒருபுறம் சாய்ந்தபோது, போரை வென்ற மகிந்தரே மைத்திரிபால சிறிசேனாவிடம் தோற்றார். பிளவுண்டதை மீண்டும் ஒட்டவைக்க அச்சம் வேண்டியிருந்தது. 2019 ஏப்பிரல் 21-இல், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அக்கிழமை முடியுமுன்னரே தாம் போட்டியிடப் போவதாகக் கோத்தபய அறிவித்தார். ஆண்டுகொண்டிருந்தவர்களோ 2018 அக்டோபர் முதலே தம்முள் பொருதிக்கொண்டிருந்தனர்; தலைவர் தலைமையமைச்சரை நீக்குவதும், முறைமன்றத் தீர்ப்புக்குப்பின் அவர் மீள்வதுமாய்க் காலம் போயிற்று. அஞ்சியவன், கையில் கறையுண்டா என்று பாரான். கை வலிதா என்றே பார்ப்பான்.

சிங்களவரை மட்டும் சுட்டுவது நடுவுநிலையன்று. 2010 தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் சரத் பொன்சேகாவைத் தேர்ந்தனர். யார் அவர்? அதே போரின் படைத்தளபதி! மகிந்தரை வீழ்த்த வேறு கோலில்லை. கிடைத்த கோலை எடுத்தனர். இடுக்கண் அத்தகையது. அவர்களைப் பழிக்க நமக்கு வாயில்லை. ஆனால் பழியுடையார் நிலைத்துநிற்பதற்கு அதுவும் ஒரு கரணியம்.

கோத்தபயரின் வீழ்ச்சியும் வடக்கின் கண்ணீரால் நேரவில்லை. 2022-இல் கல்லெண்ணெய்க்கும் எரிவளிக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்களுள் அவருக்கு வாக்களித்தோரும் இருந்தனர். சூலை 9-இல் மக்கள் அவர் மாளிகையுள் புகுந்தனர். 13-இல் மாலத்தீவுக்கு ஓடினார்; மறுநாள் சிங்கப்பூரிலிருந்து விலகல் மடலை விடுத்தார். 2009-இல் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சித் தெருவோரத்தில் அப்போதும் படங்களை ஏந்தி அமர்ந்திருந்தனர்.